சிறு தொழிலும் கடல் வாணிகமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் ஆடலுமே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் எம்மை அழைத்து, “வாணிகத்தைப் பற்றிப் பேசும்” என்று பணித்தபோது யாம் திகைத்தோம். மெட்ரிகுலேஷன் வரை படித்து, சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் ஓர் எழுத்தனுக்கும் வாணிகத்துக்கும் என்ன உறவு? மேலும் இரயில்வே ஊழியர் தாமே வணிகம் செய்தல் கூடாது என்று 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆயினும் எம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நட்டத்தைச் செயலாளர் அறிவார். பட்டவன் சொன்னால் கேட்பவர்க்குப் பயன்படும் என்று அவர் கருதினார் போலும். அந்த எண்ணத்துக்குத் தலைவணங்கிப் பேச வந்துள்ளோம்.

முதலில் நாம் வாழும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். 1911இல் வட ஆர்க்காட்டுப் பகுதிகளையும் கடப்பைப் பகுதிகளையும் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகம் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் பல முறை மாறின. இம்மண்ணில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் வழக்கம் மாறவில்லை. நம்மில் சிலர் இங்கேயே பிறந்தவர். பலர் இருப்புப்பாதை அழைத்து வந்தவர். பணி ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே வீடு கட்டிக்கொண்டோர் பலர். அவர்தம் பிள்ளைகள் அனைவர்க்கும் அரசுப் பணி கிட்டுமா? கிட்டாது. ஆகவே கைத்தொழிலும் சிறு வணிகமும் நம் வீடுகளில் தொடங்கியே தீரும். அவ்வாறு தொடங்குவோர்க்குத் துணை எங்கே உள்ளது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அன்பர்களே! நம் முன்னோர் கடல் கடந்து வாணிகம் செய்தார்கள் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவர்கள் எவ்வாறு சென்றார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தனியொருவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகடலில் இறங்கவில்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்று வணிகக் குழுக்கள் இருந்தன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய ஒரு குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதைச் சொல்கிறது. சுமத்திராத் தீவின் பாரூஸில் உள்ள 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவரைக் குறிக்கிறது. போன இடத்தில் தண்ணீருக்கும் காவலுக்கும் வழக்குத் தீர்க்கவும் ஒரு குழு நின்றது. துறைமுகத்திலோ அரசு நின்றது. புகாரில் பொதிகளுக்குப் புலி முத்திரை இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்றைய சுங்கச்சாவடியின் முத்திரை அதன் வழித்தோன்றலே.

இவ்வூரிலும் சான்று உண்டு. விசயநகர மன்னர் காலத்தில் திருமலைக் கோயிலுக்கு அன்பர் அளித்த பொருளைக் கோயிலார் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. அதைக் கொண்டு கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டினர். பெருகிய விளைச்சலிலிருந்து, கொடுத்தவர் விரும்பிய நைவேத்தியம் நடந்தது. உழவனுக்குப் பாசனம், கோயிலுக்கு அமுது, கொடையாளிக்குப் புண்ணியம். ஒரு நிறுவனம் ஒழுங்காக நின்றால் பொருள் இவ்வாறு பல கைகளில் பயன்படும்.

நிறுவனம் இல்லாதபோது நேர்வதற்கும் இவ்வட்டாரமே சான்று. காளத்தியின் கலம்காரித் துணியைக் காணாதவர் இங்கு இரார். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றிய எழுதுகோலால் வரைவார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர், கடுக்காய் தோய்ந்த துணியிற் பட்டவுடன் கருப்பாகும். படிகாரம் தடவிய இடத்தில் சிவப்புப் பிடிக்கும். ஓடும் நீரில் மீண்டும் மீண்டும் அலசுவார்கள். இத்தகைய சாயத் துணிகளுக்காகவே சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர் போட்டியிட்டு வந்தனர். நமக்கு அண்மையில் உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை அமைத்தனர். நம் துணி அங்கே பெருகியதும் தம் நெசவாளர் கெடுவர் என்று பிரான்சு 1686இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றிற்று. அந்நாட்டு நெசவாளனுக்கு அவன் நாட்டு மன்றம் துணை நின்றது. நம் கைவினைஞனுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

விடுதலைக்குப் பின்னர் 1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம் தோன்றியது. கமலாதேவி சட்டோபாத்தியாயர் அம்மையாரின் ஊக்கத்தால், அழியும் நிலையில் இருந்த காளத்திக் கலைக்கு ஒரு பயிற்சி நிலையம் வாய்த்தது. இன்று அக்கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த வாரியம் 2020இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆயின் அது காத்த கலை நிற்கிறது. ஆகவே நிறுவனங்கள் வரும், போகும், பெயர் மாறும்; இன்றைய வாயில் எது என்று அவ்வப்போது கேட்டுத் தெளிதல் வணிகன் கடமை.

இனி எம் குடும்பத்துக் கதைக்கு வருவோம்.

எம் மைத்துனர் சித்தூரில் ஊறுகாய்த் தொழில் செய்பவர். ஆவக்காய், மாவடு, எலுமிச்சை ஆகியவற்றைப் பாட்டிலில் அடைத்து விற்பார். தொழில் தூய்மையானது, கைமணமும் உண்டு. வளைகுடா நாட்டில் வேலை செய்து திரும்பிய ஒருவர் மூலம் அங்குள்ள ஒரு வணிகரின் தொடர்பு 2018இல் கிடைத்தது. ஏற்றுமதி செய்ய இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும் என்று ஒரு தரகர் சொல்லி, அதைப் பெற்றுத்தர ஆறாயிரம் ரூபாய் வாங்கினார். அயல்நாட்டு வாணிகத் தலைமை இயக்ககம் அதற்கு விதித்த கட்டணம் ஐந்நூறு ரூபாய் என்பதை யாம் பின்னர் அறிந்தோம். வருமானவரி எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் தாமே விண்ணப்பிக்கலாம்.

முதல் இரண்டு முறை சிறு சரக்குச் சென்றது; பணம் முன்னதாகவே வந்தது. மூன்றாம் முறை வணிகர் முந்நூறு பெட்டிகள் கேட்டார். ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்ச் சரக்கு. “இம்முறை தொண்ணூறு நாளில் பணம் தருகிறேன்; ஆவணங்களை நேரே எனக்கு அனுப்பிவிடும்” என்றார். மைத்துனர் எம்மைக் கேட்டார். மகளின் மேற்படிப்புக்கென்று யாம் சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த இரண்டு இலட்சத்தைக் கொடுத்தோம். எம் துணைவியார் தம் வளையல்களைக் கழற்றித் தம் தம்பியின் கையில் வைத்தார். 2019இன் தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலேறியது.

தொண்ணூறு நாள் கழிந்தது. பாட்டில்கள் கசிந்தன என்று ஒரு கடிதம் வந்தது. பாதிப் பணம் தருவதாக ஒரு தொலைபேசிச் செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அத்தோடு முடிந்ததா? இல்லை. ஏற்றுமதிப் பணம் அக்காலத்து விதிப்படி ஒன்பது மாதத்துக்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும். “பணம் எங்கே?” என்று வங்கியிலிருந்து கடிதம் வரத்தொடங்கியது. பொருளும் போய், பணமும் போய், பதிலும் சொல்ல வேண்டிய நிலை. அவ்வாண்டு இண்டர் முடித்த எம் மகள் பொறியியல் படிக்க எண்ணியிருந்தாள். உள்ளூர்க் கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தாள். எங்களிடம் ஒரு சொல்லும் குறை கூறினாளில்லை. அந்த மௌனமே எம்மை மிக வருத்தியது.

பெரியோர்களே! இதில் எம்மை நாமே நொந்துகொண்ட செய்தி ஒன்றுண்டு. இருபது ஆண்டுக்கு மேலாக யாம் பார்க்கும் வேலை என்ன? சரக்கை ஏற்றுக்கொண்டு இரயில்வே ரசீது எழுதுதல்; ரசீது கொண்டு வருபவரிடம் சரக்கைக் கொடுத்தல். ரசீது யார் கையில் உள்ளதோ அவர் கையில் சரக்கு. அதனால்தான் விவரம் அறிந்த வணிகர், பெறுநர் பெயரை எழுதாமல் ‘செல்ப்’ என்று தம் பெயருக்கே ரசீது வாங்கி, அதை வங்கியின் வழியே அனுப்புவர். வாங்குபவர் வங்கியில் பணம் கட்டினால் ரசீது அவர் கைக்கு வரும். கட்டாவிட்டால் சரக்கு அனுப்பியவருடையதே. எத்தனையோ ‘செல்ப்’ ரசீதுகள் எழுதிய எம் கை, கப்பல் சரக்கு ரசீதும் அதே இனத்தது என்பதை உணரவில்லை. ஆவணத்தை நேரே அனுப்பியபோதே எம் மைத்துனர் சரக்கை இனாமாகக் கொடுத்துவிட்டார்.

கடல் வாணிகத்தில் பணம் பெறும் வழிகள் நான்கு. முன்பணம் வாங்குதல் விற்பவனுக்கு மிகப் பாதுகாப்பு. அடுத்தது கடன் உறுதிக் கடிதம். வாங்குபவரின் வங்கியே பணத்துக்குப் பொறுப்பேற்கும். ஆயின் கடிதத்தில் சொல்லிய ஆவணங்களில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அவ்வங்கி மறுக்கலாம். மூன்றாவது வங்கி வழியே ஆவணம் அனுப்புதல். இதில் பணம் கட்டினால் ஆவணம் தருவது ஒரு வகை, பின்னர்க் கட்டுவதாக ஒப்புக் கையெழுத்திட்டாலே தருவது மற்றொரு வகை. முன்னது நம் ‘செல்ப்’ ரசீது போன்றது. பின்னதில் சரக்குக் கை மாறிவிடும்; கையெழுத்து மட்டுமே மிஞ்சும். நான்காவது வெறும் நம்பிக்கை. எம் மைத்துனர் இந்த நான்காவதில் மாட்டிக்கொண்டார். இன்னொன்றும் குறித்துக்கொள்க: விமானத்தில் அனுப்பும் சரக்கின் சீட்டு, கப்பல் ரசீது போன்ற உரிமை ஆவணம் அன்று. அதைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் சரக்கு நம்முடையதாகாது.

இத்தனைக்கும் துணை இல்லாமல் இல்லை. நம் அரசினர் 1957இலேயே ஏற்றுமதி இடர்க்காப்புக் கழகம் ஒன்றை நிறுவியிருந்தனர். இன்று இ.சி.ஜி.சி. என்று வழங்குவது அதுவே. அயல்நாட்டு வணிகர் நொடித்துப் போனாலும், பணம் தராமல் இழுத்தடித்தாலும், அந்நாட்டில் போரோ பணத்தடையோ நேர்ந்தாலும், உரிய காப்பு எடுத்து அதன் விதிகளின்படி நடந்திருந்தால் இழப்பின் பெரும்பகுதியை அது ஈடு செய்யும். சிறு ஏற்றுமதியாளர்க்கென்றே தனிக் காப்பும் வைத்துள்ளது. அதனினும் சிறந்த பயன் ஒன்று: இன்ன வணிகருக்கு எவ்வளவு வரை கடன் தரலாம் என்று முன்கூட்டியே ஆராய்ந்து வரம்பு சொல்லும். எம் மைத்துனர் அன்று அதன் வாயிலை மிதித்திருந்தால், அந்த வணிகருக்கு ஆறு இலட்சம் கடன் தருவது தகுமா என்பது அங்கேயே தெரிந்திருக்கும். எமக்கு அப்பெயரே தெரியாது. தெரிந்துகொள்ள யாம் முயலவும் இல்லை. பழி பாதி ஏமாற்றியவருடையது. மீதி எம் அறியாமையினுடையது.

இப்போது, தொழில் தொடங்குவோர் ஏற வேண்டிய படிகளை வரிசையாகச் சொல்வோம்.

முதற்படி பதிவு. சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணும் வருமானவரி எண்ணும் போதும், கட்டணம் இல்லை. பதிவு பெற்றவர்க்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. உள்நாட்டில் குறுந்தொழில், சிறுதொழில் செய்வோரிடம் பொருள் வாங்கியவர் நாற்பத்தைந்து நாளுக்கு மேல் பணத்தை நிறுத்துதல் கூடாது; நிறுத்தினால் கூட்டு வட்டியுடன் தர வேண்டும்.

இரண்டாம் படி மாவட்டத் தொழில் மையம். 1978இல் நாடெங்கும் தொடங்கிய அமைப்பு இது. மானியம், கடன், உரிமம், பயிற்சி எது வேண்டினும் முதலில் அங்கே கேட்கலாம்.

மூன்றாம் படி மூலதனம். ஈடு காட்ட நிலமோ வீடோ இல்லாத சிறு தொழிலர்க்கு வங்கி தரும் கடனுக்குப் பொறுப்பேற்க 2000இல் ஓர் உத்தரவாத நிதி அமைந்தது. 1990இல் தோன்றிய சிறுதொழில் வளர்ச்சி வங்கி அதன் பின்னே நிற்கிறது. உணவுப் பொருள் செய்யும் குறுந்தொழில்களுக்கு 2020இல் மைய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ்ச் செலவில் நூற்றுக்கு 35 பங்கு, பத்து இலட்சத்துக்கு மேற்படாமல் மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்குக் கால எல்லை உண்டு. ஆதலின் அன்றைய நிலையை மையத்தில் கேட்டறிக.

நான்காம் படி பொருளுக்குரிய வாரியம். மாம்பழம், மாங்கூழ், ஊறுகாய், வெல்லம், நிலக்கடலை ஆகியவற்றுக்கு 1986இல் இயங்கத் தொடங்கிய அபீடா என்னும் வேளாண் ஏற்றுமதி ஆணையம். மிளகாய், மஞ்சள் முதலியவற்றுக்கு நறுமணப் பொருள் வாரியம். கலம்காரி முதலிய கைவினைகளுக்கு ஏற்றுமதி வளர்ச்சிக் குழு. அங்கே பதிவு பெறின், எந்நாட்டில் எத்தகைய பொருளுக்கு வரவேற்பு, அங்குள்ள தரவிதி என்ன என்பதெல்லாம் தெரியவரும். ஊறுகாய் தானே என்று எண்ணற்க. அமெரிக்காவுக்கு உணவு அனுப்புவோர் அந்நாட்டு உணவு மருந்து ஆணையத்தில் பதிந்து, சரக்கு வருமுன் அறிவிப்பும் தர வேண்டும். வளைகுடா நாடுகள் அரபு மொழியில் சீட்டு ஒட்டச் சொல்லும்.

ஐந்தாம் படி மிகச் சிறியோர்க்கு. வீட்டிலிருந்தே நான்கு சேலையோ பத்துப் பொட்டலமோ அனுப்ப விரும்பும் தாய்மார்கள் கப்பலைத் தேட வேண்டா. 2022 முதல் அஞ்சலகங்களில் ஏற்றுமதி நிலையங்கள் திறக்கப்பட்டுள்ளன. சுங்க ஆவணத்தை அங்கேயே கணினி வழிப் பதிவு செய்து பார்சலை அனுப்பலாம்.

இவை நம் நாட்டின் புதுமை அல்ல. அமெரிக்கர் 1953இல் சிறுதொழில் நிருவாகம் என்று ஓர் அரசுத் துறையே அமைத்தனர். ஜப்பானியர் 1958இல் அயல்வாணிக வளர்ச்சி அமைப்பை நிறுவித் தம் சிறு தொழிலர்க்கு உலகச் சந்தைகளின் செய்தியைத் திரட்டித் தந்தனர். நம் நாட்டிலும் 1955இல் தேசியச் சிறுதொழில் கழகம் தோன்றியது. வளர்ந்த நாட்டாரும் தனியாக வளரவில்லை என்பதே இதில் நாம் கொள்ளும் பாடம்.

சிறியவர்க்கு மட்டுமா துணை வேண்டும்? நம் மாம்பழத்தைப் பாருங்கள். கிளிமூக்கு என்று நாம் அழைக்கும் தோத்தாபுரி, சித்தூர் ஆலைகளில் கூழாகி உலகெங்கும் செல்கிறது. 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா செல்லும் கலங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. செலவும் நாளும் ஏறின. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் பழத்தின் விலை சரிந்து, உழவர் வண்டிகளோடு ஆலை வாயில்களில் காத்துக் கிடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். கிலோவுக்கு 12 ரூபாய் என்று வகுத்து, ஆலைகள் 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் தருவதென்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. எங்கோ ஒரு கடலில் நேரும் கலக்கமும், எங்கோ ஒரு கிடங்கில் தேங்கும் கூழும், பாகாலைப் பக்கத்து உழவன் வீட்டு அடுப்பைத் தொடும் காலம் இது. எம் துறையும் இயன்றதைச் செய்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கால் நாடே முடங்கியபோது ரேணிகுண்டாவிலிருந்து தில்லிக்குப் பால் வண்டிகள் ஓடத் தொடங்கின. வழி இருந்தால் பொருள் நகரும்.

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: மாதத்தில் ஒரு ஞாயிறன்று சங்க நூலகத்தில் ஒரு மேசை போடுவோம். நம்மிடையே ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் உளர். கணினி அறிந்த இளைஞர் உளர். விண்ணப்பம் நிரப்ப உதவுவோம். ஐந்நூறு ரூபாய் வேலைக்கு ஆறாயிரம் கொடுக்கும் நிலை இக்காலனியில் இனி யார்க்கும் வேண்டா. எவர் கடனுக்கும் சங்கம் பிணை நிற்றல் கூடாது; எவரிடமும் பணம் பெறுதலும் கூடாது. அறிவைப் பகிர்தலே நம் வேலை.

இரண்டு: ஆண்டுக்கொரு முறை மாவட்டத் தொழில் மையத்து அதிகாரி ஒருவரையும், ஏற்றுமதி அறிந்த வங்கி அலுவலர் ஒருவரையும் அழைத்து உரையாற்றச் செய்வோம். தெலுங்கில் பேசினால் என்ன? நமக்குப் புரியும். அண்டை வீட்டாரும் வந்து பயன் பெறட்டும்.

மூன்று: உலகில் தமிழர் வாழும் நகரங்களில் எல்லாம் நம்மைப் போலவே சங்கங்கள் உள்ளன. ஆண்டு மலரை ஒருவர்க்கொருவர் அனுப்பி வாழ்த்துச் சொல்வதோடு நிற்கிறோம். “உங்கள் ஊரில் இன்ன வணிகர் நாணயமானவரா?” என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாகாதா? அந்நாளில் ஐந்நூற்றுவர் செய்ததில் ஒரு சிறு பங்கை இச்சங்கங்கள் செய்ய இயலும்.

எம் மைத்துனர் தொழிலை விட்டாரில்லை. கடனை அடைத்துக்கொண்டே, 2022இல் மீண்டும் சிறிதாகத் தொடங்கினார். இப்போது அபீடாப் பதிவும் இ.சி.ஜி.சி. காப்பும் உண்டு, ஆவணங்கள் வங்கி வழியே செல்கின்றன. முந்நூறு பெட்டி கேட்டவர்க்கு நூறு பெட்டியே அனுப்புகிறார். இழந்த பணம் வரவில்லை. இனி வரும் என்று யாம் எண்ணவும் இல்லை. எம் துணைவியாரின் வளையல்களில் ஒரு சோடி மட்டும் சென்ற தைத் திங்களில் வீடு திரும்பியது.

வணிகவியல் முடித்த எம் மகள் இன்று தன் மாமனின் ஏற்றுமதி ஆவணங்களை எழுதுகிறாள். ஒவ்வொரு சரக்கும் புறப்படுமுன் கப்பல் ரசீதை எம்மிடம் கொண்டு வந்து, “அப்பா, இது ‘செல்ப்’ தானே?” என்று கேட்கிறாள். யாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரு முறை படித்துப் பார்த்தே தலையசைக்கிறோம்.

  வளர்க நம் சங்கம். ஓங்குக நம் மக்களின் முயற்சி.